நாவலர் பேச்சுப்போட்டி வைக்கிற சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

நூற்றைம்பது வருசத்துக்கு முந்தி யாழ்ப்பாணத்தில சைவத்துக்கும் தமிழுக்கும் உழைச்ச ஆறுமுக நாவலற்ற குருபூசைக்குப் பேச்சுப்போட்டி வைக்கிற சங்கத்துக்காரர், நிர்வாகசபை ஆக்கள், பிள்ளையளுக்கு நோட்ஸ் எழுதிக் குடுக்கிற ரீச்சர்மார், சேர்மார் எல்லாருக்கும் வணக்கம்.

ஒரு சங்கத்தின்ர பேரையும் சொல்லி நான் எழுதேல்ல. அவற்ற குருபூசை நாளான கார்த்திகை மகம் வந்தா ஊரிலயும் சரி வெளிநாட்டிலயும் சரி எல்லா இடமும் ஒரே மாதிரித்தான் நடக்குது, அதால ஆருக்குச் சுடுதோ அவை எடுத்துக்கொள்ளுங்கோ. நான் ஒரு பத்திரிகையில கனகாலம் ஒப்புநோக்குநரா (புரூஃப் ரீடர்) இருந்து ஓய்வெடுத்த ஆள். பிழை பாக்கிறதுதான் தொழில், அந்தப் பழக்கம் இன்னும் விடேல்ல, சாப்பாட்டுக்கடை மெனுவைப் பாத்தாலும் முதல்ல எழுத்துப்பிழைதான் கண்ணில படும். போன முறை ஒரு சங்கம் என்னை மத்தியபிரிவுக்கு நடுவரா வரச்சொல்லிக் கேட்டவை, நானும் சந்தோசமாப் போனன்.

பதினாலு பிள்ளையள் பேசினவை. பதினாலு பேரும் ஒரே பேச்சு. சத்தியமாச் சொல்லுறன், மூண்டாவது பிள்ளை தொடங்கேக்கயே அடுத்த வசனம் என்னெண்டு எனக்குத் தெரியும், ஆறாவது பிள்ளை இடையில மறந்துபோய் நிக்க முன்வரிசையில இருந்த வேற ஒரு தாய் எடுத்துக்குடுக்கிறா, ஏனெண்டா அவவின்ர மகளுக்கும் அதே பேச்சு. "ஈழவள நாட்டிலே, நல்லைநகரிலே, சைவமும் தமிழும் இருள் சூழ்ந்து கிடந்த வேளையிலே, ஒரு சிங்கம் எழுந்தது", அதில கையைத் தூக்கவேணும், பதினாலு பேரும் ஒரே கையைத்தான் தூக்கினவை. பிறகு ஐந்தாங்குரவர் (தேவார திருவாசகம் பாடின நால்வருக்கு அடுத்த குரு எண்டு), பிறகு வசனநடை கைவந்த வல்லாளர், பிறகு "விவிலியத்தை மொழிபெயர்த்தார்", பிறகு ஒரு அஞ்சாறு புத்தகத்தின்ர பேர் மூச்சு விடாம, பிறகு "கஞ்சித்தொட்டித் தருமம் செய்தார்", நன்றி வணக்கம். மணி அடிக்க முதலே முடிஞ்சிடும்.

பிள்ளையளில ஒரு குறையும் இல்லை, குடுத்ததை வடிவாப் பாடமாக்கிக்கொண்டு வந்தவை. நோட்ஸ் ஒரு பக்கத்தில போட்டோக்கொப்பி அடிச்சு வாட்ஸ்அப்பில அனுப்பினதாம், நானும் வாங்கிப் பாத்தன்.

எல்லாம் முடிஞ்சு, முடிவு கூட்டிக்கொண்டு இருக்கேக்க ஒரு பிள்ளை, அஞ்சாம் வகுப்பு இருக்கும், மேசைக்குக் கிட்ட வந்து நிண்டு கேட்டா, "அங்கிள், கஞ்சித்தொட்டி எண்டா என்ன? தொட்டிக்க விட்டா எப்பிடி அதில இருந்து குடிக்கிறது, மாடு குடிக்கிற மாதிரியா?" மற்ற ரெண்டு நடுவர்மாரும் சிரிச்சவை. நானும் சிரிச்சிட்டு "பிறகு சொல்லுறன் பிள்ளை" எண்டிட்டன். பிறகு சொல்லேல்ல, பரிசு, படம் எடுக்கிறது, ரீ எண்டு அமளியில அவ போட்டா. வீட்ட வந்த பிறகுதான் உறைச்சுது. மூண்டு நிமிசம் அந்த மனுசனைப் பற்றி மேடையில பேசின பிள்ளைக்கு அவர் செய்த பெரிய காரியத்தில ஒண்டு என்னெண்டே தெரியாது, சொல்லிக்குடுக்க மூண்டு நடுவர்மாருக்கு நேரமும் இல்லை.

அதுதான் இந்த மடல். அந்தப் பிள்ளைக்குச் சொல்லவேண்டியதை உங்களுக்குச் சொல்லுறன், நீங்களாவது அடுத்த நோட்ஸில போடுவியள் எண்டு.

முதல் பைபிள் கதையைச் சரிக்கட்டுவம். அவர் தனிய இருந்து மொழிபெயர்த்தவர் எண்ட மாதிரித்தான் உங்கட நோட்ஸில இருக்கு. பேர்சிவல் பாதிரியார் நடத்தின மெதடிஸ்த பள்ளிக்கூடத்தில (இண்டைக்கு யாழ் மத்திய கல்லூரி) படிச்சு, அங்கயே இங்கிலீசும் தமிழும் படிப்பிச்சவர் ஆறுமுகம். பேர்சிவல் தலைமையில நடந்த மொழிபெயர்ப்புக்கு அவர் தமிழ்ப் பண்டிதர், பக்கத்தில இருந்து வசனம் வசனமா உழைச்சவர், அது 1850 இல சென்னையில அச்சாச்சு. இப்பிடிச் சொன்னா மதிப்புக் குறையுமோ? எனக்கெண்டா கூடத்தான் தெரியுது. நெத்தியில விபூதியோட ஒரு இருபது வயசுப் பெடியன் வேதாகமத்தின்ர ஒவ்வொரு சொல்லையும் தமிழில எப்பிடி வைக்கிறதெண்டு ஒரு வெள்ளைக்காரப் பாதிரியோட வருசக்கணக்கா மல்லுக்கட்டி இருக்கிறான் எண்டா அதுக்குள்ள எவ்வளவு கதை இருக்கு. நீங்கள் அதை அரை வரியில முடிச்சிட்டியள்.

இன்னொண்டு, உங்களுக்குப் பிடிக்காம இருக்கலாம். நாவலர் மிசனரியளோட சண்டை பிடிச்ச ஆயுதம் எல்லாம் மிசனரியளிட்ட படிச்சதுதான். அவை ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் வைச்சினம், இவர் 1847 டிசம்பர் 31, ஒரு வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலில பிரசங்கம் தொடங்கினார். அவை வினாவிடையா மதம் படிப்பிச்சினம், இவர் சைவ வினாவிடை எழுதினார். அவை துண்டுப்பிரசுரம் அடிச்சினம், இவரும் அடிச்சார். 1854 இல வந்த சைவதூஷண பரிகாரத்தில பைபிளை எடுத்து வைச்சுத்தான் பாதிரிமாருக்கு மறுமொழி சொல்லுறார், கூட இருந்து வரி வரியாப் பாத்த ஆளுக்கு அதில எங்க என்ன இருக்கெண்டு தெரியாதோ. அவையிட்ட பள்ளிக்கூடம் இருந்தது, இவர் வேலையை விட்டிட்டு 1848 இல வண்ணார்பண்ணையில சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அவையிட்ட அச்சுக்கூடம் இருந்தது, மானிப்பாயில அமெரிக்க மிசன் அச்சடிச்சுத் தள்ளிக்கொண்டு இருந்தது, 1841 இலயே உதயதாரகை பத்திரிகை வந்திட்டுது. அப்ப இவருக்கும் ஒரு மிசின் வேணும்.

இந்த இடத்தில கொஞ்சம் நிக்கப்போறன், இது என்ர இடம்.

1849 இல நல்லூர் சதாசிவம்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அச்சுயந்திரம் வாங்க இந்தியாவுக்குப் போனவர். போன வழியில திருவாவடுதுறை ஆதீனத்தில பிரசங்கம் செய்து நாவலர் பட்டம் வாங்கினது உங்கட நோட்ஸில இருக்கு, ஆனா எதுக்குப் போனவர் எண்டது இல்லை! பட்டம் வாங்கவே கப்பலேறின மாதிரி இருக்கு. சென்னையில நிக்கேக்கயே சூடாமணி நிகண்டு (பாட்டா இருக்கிற பழைய சொல்லகராதி) உரையையும் சௌந்தரியலகரி உரையையும் அச்சிட்டுக்கொண்டு, மிசினோட வந்து வண்ணார்பண்ணையில வித்தியாநுபாலன யந்திரசாலையைத் தொடங்கினார். வித்தையைக் காப்பாத்திற மிசின் கொட்டில் எண்டு விளங்கிக்கொள்ளலாம். ஒரு அச்சுக்கூடத்துக்கு இப்பிடி ஒரு பேர் வைக்கிறதுக்கு ஒரு மனசு வேணும்.

என்ர அப்பா அச்சுக்கோப்பாளர். வண்ணார்பண்ணையில ஒரு சின்ன அச்சகத்தில, கையில எழுத்து அடுக்கிற ஸ்டிக்கைப் பிடிச்சுக்கொண்டு நிண்ட நிலையில ஈய எழுத்துக் கோத்தே காலம் போனது. அறை அறையா இருக்கிற பெட்டியில எந்த அறைக்க எந்த எழுத்து எண்டு கண் பாக்காது, கை போகும். எழுத்து எல்லாம் இடம்வலம் மாறி இருக்கும், அதை அப்பிடியே வாசிப்பார், எங்களுக்கு நேரா இருக்கிற எழுத்து மாதிரி அவருக்கு அது. ஒருக்கா நான் தட்டுப்பட்டு ஒரு பக்கத்தையே கொட்டிப்போட்டன், ஒண்டும் ஏசேல்ல, இருந்து பொறுக்கிப் பிரிச்சு அறையளுக்க போடெண்டு விட்டிட்டார், பின்னேரம் வரைக்கும் பொறுக்கினன், ண வும் ன வும் அண்டைக்குத்தான் எனக்கு உண்மையா விளங்கினது.

குருபூசைக் காலத்தில நோட்டீஸ் அடிக்க வந்தா அப்பா சொல்லுவார், "நாவலற்ற வசனம் போட்டிருக்கினம், கொமா காணாது." பகிடி இல்லை. பெட்டியில கொமாவுக்கு ஒரு சின்ன அறைதான், நாவலரை ஒரு பக்கம் கோத்தா அந்த அறை காலி.

இதை ஏன் சொல்லுறன் எண்டா அந்தக் கொமாவிலதான் நாவலர் இருக்கிறார். அதுக்கு முந்தி தமிழ் இருந்த இருப்பை யோசிச்சுப் பாருங்கோ. ஏட்டில மெய்யெழுத்துக்குப் புள்ளி போடமாட்டினம், ஓலை கிழிஞ்சிடும். காலும் (ா) ர வும் ஒரே மாதிரித்தான் இருக்கும். எகரமா ஏகாரமா, ஒகரமா ஓகாரமா எண்டு வாசிக்கிறவன்தான் ஊகிக்க வேணும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இல்லை, எல்லாம் புணர்ந்து ஒரே கோடா ஓடும். "அவனன்றுவந்தானில்லை" எண்டு இருந்தா வந்தானா இல்லையா? "அவன் அன்று வந்தானில்லை" எண்டா வரேல்ல. "அவன் அன்று வந்தான், இல்லை" எண்டா வந்தவன், வேற ஏதோ தான் இல்லை. ஒரு புள்ளிக்குள்ள ஆள் வந்தும் வராமலும் போறான். படிச்ச பண்டிதருக்கு இது பெரிய சோலி இல்லை, குருவிட்ட இருந்து கேட்டவர், சந்தத்தில பிடிச்சுக்கொள்ளுவார். ஏழு வயசுப் பிள்ளைக்கு?

நாவலர் சந்தியைப் பிரிச்சார், வேண்டிய இடத்தில கொமா, அரைப்புள்ளி, முற்றுப்புள்ளி எண்டு போட்டார். இந்தக் குறியள் எல்லாம் இங்கிலீசில இருந்து வந்ததுதான், மிசன் புத்தகங்களிலயும் இருந்தது, அவர்தான் முதல் ஆள் எண்டு நான் சொல்லமாட்டன். ஆனா பழைய இலக்கியம் படிச்ச ஒரு சைவப் பண்டிதர், பாட்டா இருந்த பெரியபுராணத்தை 1852 இல வசனமா எழுதி, ஒரு சாதாரண வீட்டில ஒரு ஆள் வாசிக்க மற்றவை சுத்தி இருந்து கேட்டு விளங்கிற மாதிரி அச்சில குடுத்தது சின்ன வேலை இல்லை. 1850 தொடக்கம் பாலபாடம் வருது, முதல் புத்தகம், ரெண்டாம் புத்தகம் எண்டு படிப்படியா. முதல்ல சின்னச் சின்ன வசனம், போகப்போக நீளும், பாரமாகும். இண்டைக்கு எல்லாப் பாடப்புத்தகமும் அப்பிடித்தான் எண்டதால எங்களுக்கு அது புதினமாத் தெரியாது. அதுக்கு முந்தித் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஆத்திசூடி, நிகண்டு எண்டு செய்யுளாத்தான் பாடமாக்கினது.

(அவற்ற வசனத்தை இப்ப எடுத்து வாசிச்சா கொஞ்சம் மூச்சு முட்டும், வடசொல் கனக்க, நீளமும் கூட. எனக்கும் சில பக்கம் அலுப்படிக்கும், பொய் சொல்லக்கூடாது.)

அதோட பதிப்பு. நன்னூல் விருத்தியுரை, திருக்குறள் பரிமேலழகர் உரை 1861 இல, தொல்காப்பியம் சேனாவரையம் 1868 இல சி. வை. தாமோதரம்பிள்ளையின்ர வெளியீட்டுக்கு இவர் பரிசோதிச்சுக் குடுத்தது, கந்தபுராணம் 1869 இல. பேரை மட்டும் பாடமாக்கிற பிள்ளைக்கு இது கடைச்சாமான் துண்டு மாதிரி. ஆனா ஒரு ஏட்டுச்சுவடி வேற ஒரு சுவடியோட ஒத்துப்போகாது, எழுதினவன் பிழை விட்டிருப்பான், பூச்சி அரிச்சிருக்கும், நாலஞ்சு சுவடியைப் பரப்பி வைச்சு எது சரி எண்டு பாத்து, பிறகு கோத்ததை புரூஃப் பாத்து, திருப்பியும் பாத்து எண்டு எத்தினை இரவு போயிருக்கும். "நாவலர் பதிப்பு" எண்டா பிழை இருக்காது எண்டு படிச்ச ஆக்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கின காலம் ஒண்டு இருந்தது. எங்கட தொழிலில அதுக்கு மேல ஒரு பட்டம் இல்லை, ஆதீனம் குடுத்தது கூட அதுக்குப் பிறகுதான் எண்டு அப்பா சொல்லுவார். அப்பாவிட்ட ஒரு பழைய பாலபாடம் இருந்தது, முன் அட்டை இல்லை. பிழை தேடி ஒவ்வொரு வருசமும் ஒருக்கா வாசிப்பார், காணேல்ல எண்டு திருப்பி வைப்பார்.

பள்ளிக்கூடத்துக் காசுக் கதைக்கு வாறன், அது உங்கட நோட்ஸில ஒரு வரியும் இல்லை. கலியாணம் கட்டேல்ல, மிசன் சம்பளத்தை விட்டிட்டார், தன்ர பள்ளிக்கூடத்தில சம்பளம் எடுக்கேல்ல. அப்ப காசு? ஊரிட்டக் கேட்டவர். சும்மா கேக்கேல்ல, அச்சடிச்சுக் கேட்டவர். விக்கியாபனம், அதாவது அறிவித்தல், எண்டு தலைப்புப் போட்டு, சைவசமயிகளே எண்டு கூப்பிட்டு, தான் என்ன செய்தன், எவ்வளவு தேவை, நீங்கள் ஏன் தாறியள் இல்லை எண்டு கேட்டு, ஏசி, திருப்பியும் கேட்டு எழுதினவர். நான் இப்ப எழுதிற இந்தத் திறந்த மடலுக்குத் தகப்பன் அதுதான். கோயில் திருவிழாவில சின்னமேள ஆட்டத்துக்கும் வாணவேடிக்கைக்கும் காசைக் கொட்டுறதைப் பற்றி அவர் எழுதினதை எடுத்து வாசிச்சுப் பாருங்கோ, 1875 இல நல்லூர்க் கந்தசுவாமி கோயிலைப் பற்றி எழுதினதில ஒரு ஆளையும் விட்டுவைக்கேல்ல. (நாங்கள் குருபூசை முடிய மண்டபத்துக்கு வெளியில சீனவெடி கொளுத்தினது ஞாபகம் இருக்கோ. மனுசன் இருந்திருந்தா அதுக்கும் ஒரு விக்கியாபனம் வந்திருக்கும்.)

1864 இல சிதம்பரத்தில ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலை வைச்சார், அது நிண்டுபிடிச்சுது, இண்டைக்கும் அவற்ற பேரில மேல்நிலைப்பள்ளியா இருக்கு. ஆனா 1872 இல வண்ணார்பண்ணையில சைவப் பிள்ளையளுக்கெண்டு ஒரு இங்கிலீசுப் பள்ளிக்கூடம் தொடங்கினார், சைவாங்கில வித்தியாசாலை எண்டு. அந்த நேரம் அரசாங்க உத்தியோகம் வேணுமெண்டா இங்கிலீசு வேணும், இங்கிலீசு வேணுமெண்டா மிசன் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகவேணும், அதுக்காகத்தான் தொடங்கினது. நாலு வருசம். 1876 இல காசில்லாம மூடுப்பட்டுது.

இதை ஏன் பிள்ளையளுக்குச் சொல்லுறியள் இல்லை? தோத்த கதை எண்டா? ஐந்தாங்குரவர் எண்டு கும்பிட்ட ஊர்தான் அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் காசு குடுக்கேல்ல. 1888 இல சைவ பரிபாலன சபை வந்து, 1890 அளவில யாழ் இந்துக் கல்லூரி உருவானது அவர் கண் மூடி 10 வருசத்துக்குப் பிறகு. எங்கட பழைய மாணவர் எல்லாரும் அந்தக் கல்லூரியைப் பற்றி நெஞ்சை நிமித்திக் கதைக்கேக்க மூடுப்பட்ட அந்தப் பள்ளிக்கூடத்தையும் ஒரு சொல்லுச் சொன்னா என்ன.

சரி, பிள்ளையின்ர கேள்வி. கஞ்சித்தொட்டி.

தொட்டி எண்டு சொன்னாலும் பஞ்ச காலத்தில கஞ்சி காய்ச்சி வாறவைக்கு எல்லாம் ஊத்திற இடத்துக்குத்தான் அந்தப் பேர். சென்னையில ஸ்டான்லி ஆஸ்பத்திரியைப் பழைய ஆக்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி எண்டு சொல்லுறதும் அங்க முந்தி பஞ்சத்துக்குக் கஞ்சி ஊத்தின சத்திரம் இருந்ததாலதான். அதால பிள்ளை, மாடு மாதிரி இல்லை. சட்டியோ சிரட்டையோ கொண்டு வந்து வரிசையில நிண்டு வாங்கிறது.

1876, 77 இல தென்னிந்தியாவில மகா பஞ்சம், அங்க லட்சக்கணக்கில சனம் செத்தது. யாழ்ப்பாணத்தில எங்கட வயல் எங்களுக்குக் காணாது, அரிசி அங்க இருந்துதான் வாறது. அங்கயே இல்லையெண்டா இங்க என்ன வரும்? இங்க மழையும் பொய்ச்சு, பேதியும் வந்திட்டுது. ஒரு பக்கம் பசி, மற்றப்பக்கம் வாந்திபேதி, காலமை இருந்த ஆள் பின்னேரம் இல்லை. அந்த நேரத்தில வீடு வீடா, கடை கடையாத் தண்டி, அரிசியும் காசும் சேத்துக் கஞ்சி காய்ச்சி மாசக்கணக்கா ஊத்தினவர் நாவலர். கணக்குப் பாருங்கோ, இங்கிலீசுப் பள்ளிக்கூடம் காசில்லாம மூடுப்பட்டதும் இதே 1876. பள்ளிக்கூடத்துக்குக் கேட்டுக் கை நீட்டித் தோத்த மனுசன் அதே கையை அதே ஊரிட்டத் திருப்பி நீட்டியிருக்கிறார். அதோட கஞ்சி மட்டும் ஊத்திப்போட்டுப் பேசாம இருக்கேல்ல. அப்ப யாழ்ப்பாணத்துக்கு அரசாங்க ஏசண்டு துவைனம் துரை, இங்க கனகாலம் ராசா மாதிரி இருந்தவர். சனம் பட்டினி கிடக்க நிர்வாகம் என்ன செய்யுது எண்டு அவரையே எழுத்தில கேள்வி கேட்டவர் நாவலர். 1879 இல சட்டநிரூபண சபையில தமிழருக்கு உறுப்பினரா இருந்த முத்துக்குமாரசுவாமி செத்து அந்த இடம் காலியாகேக்க பொன்னம்பலம் இராமநாதனுக்காக ஊரைக் கூட்டினதும் அவர்தான், அந்த வருசம் டிசம்பர் 5 ஆம் திகதி நாவலரும் கண்ணை மூடினார், 57 வயசு நிறைய 13 நாள் இருந்தது.

உங்கட நோட்ஸில இதெல்லாம் சேர்ந்து ரெண்டு சொல்லு. கஞ்சித்தொட்டித் தருமம்.

இனி எழுத விருப்பமில்லாத பகுதி, ஆனா எழுதாட்டி நான் ஒப்புநோக்குநர் எண்டு சொல்லக்கூடாது. வள்ளலாற்ற பாட்டு அருட்பாவோ மருட்பாவோ எண்டு அவரோட 1869 இல சண்டை கோட்டு வரைக்கும் போனது எல்லாருக்கும் தெரியும், அதில எனக்கு நாவலர் பக்கம் மனசு போகாது, அது ஒரு பக்கம் இருக்கட்டும். நான் சொல்ல வந்தது சாதி.

நாவலர் சாதி பாத்தவர். காலம் அப்பிடி எண்டு தட்டிவிட ஏலாது, ஏனெண்டா அவர் அதை எழுதி அச்சில போட்டவர், சைவ வினாவிடையில தீண்டல் பாக்கிறது ஒழுக்கத்தோட சேத்துப் படிப்பிக்கிற ஒரு விசயமா இருக்கு. வண்ணார்பண்ணைப் பள்ளிக்கூடத்துத் திண்ணையில என்ர அப்பாவின்ர பூட்டனை இருக்க விட்டிருக்க மாட்டினம். எங்கட குடும்பத்தில முதல்ல எழுத்துப் படிச்ச ஆள் படிச்சது மிசன் பள்ளிக்கூடத்தில. அந்த எழுத்தாலதான் அப்பா அச்சுக்கோப்பாளர், அந்தக் கோப்பாலதான் நான் ஒப்புநோக்குநர். நீங்கள் "அந்நியர் சூழ்ச்சி" எண்டு பிள்ளையளிட்டக் கையைத் தூக்கச் சொல்லிற அந்த மிசன் பள்ளிக்கூடம்தான் எங்களுக்குக் கதவைத் திறந்தது.

அப்பாவுக்கு இது எல்லாம் தெரியும். நான் இளந்தாரியா இருக்கேக்க ஒருநாள் கோவத்தில கேட்டன், உங்களை உள்ளுக்கு விடாத மனுசன்ர நோட்டீஸை ஏன் இப்பிடிப் பாத்துப் பாத்துக் கோக்கிறியள் எண்டு. அப்பா ஸ்டிக்கை வைக்காமலே சொன்னார், "அவர் என்னை விடேல்ல, சரி. அவற்ற கொமாவை நான் ஏன் விடவேணும்?" அதுக்குப் பிறகு ஒண்டும் கதைக்கேல்ல, வேலை முடிய வெத்திலை போட்டார், வீட்ட வந்தம்.

நான் போன போட்டியில பேசின பதினாலு பிள்ளையளில என்னை மாதிரி வீட்டுப் பிள்ளையளும் இருந்தவை, எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதுகளும் "எங்கள் சிங்கம்" எண்டு கையைத் தூக்கினதுகள். நாளைக்கு அதுகள் வளர்ந்து போனில தேடி வாசிக்குங்கள், அப்ப நீங்கள் சொல்லாம விட்டது கண்ணில படும், பிறகு நீங்கள் சொன்ன கொமாவையும் கஞ்சியையும் சேத்து நம்பாதுகள். எங்களுக்கு அப்பா முதலே சொல்லி வைச்சதால நாங்கள் தப்பினம்.

இப்ப என்ன செய்யச் சொல்லுறன் எண்டு கேப்பியள். பெருசா ஒண்டும் இல்லை. அந்த ஒரு பக்க நோட்ஸைக் கிழிச்சுப் போடுங்கோ. பேச்சுக்குப் பதிலா, இல்லாட்டி பேச்சோட சேத்து, நாவலர் எழுதின வசனம் ஒரு பக்கம் குடுத்து வாசிக்க விடுங்கோ, பாலபாடத்தில எடுக்கலாம், பெரியபுராண வசனத்தில கண்ணப்பநாயனாரை எடுக்கலாம், கொமாவில நிண்டு அரைப்புள்ளியில மூச்செடுத்து வாசிக்கிற பிள்ளைக்குப் பரிசைக் குடுங்கோ. அவர் கேட்டது வாசிப்புத்தானே. மேல்பிரிவுப் பிள்ளையளுக்குத் தலைப்பை மாத்துங்கோ, "நாவலரின் சைவப்பணி" எண்டு எத்தினை வருசம். "சைவாங்கில வித்தியாசாலை ஏன் மூடுப்பட்டது" எண்டு ஒருக்கா குடுத்துப் பாருங்கோ, "நாவலரும் சாதியும்" எண்டு குடுத்துப் பாருங்கோ, பெரிசுகள் ரெண்டு பேர் எழும்பிப் போவினம், போகட்டும், வடையும் ரீயும் மிஞ்சும். பேசி முடிய ஒரு நிமிசம் பிள்ளையள் நடுவர்மாரைக் கேள்வி கேக்க விடுங்கோ, அதுக்கு நடுவர்மாரும் கொஞ்சம் வாசிச்சுக்கொண்டு வரவேண்டி இருக்கும், எனக்கும் சேத்துத்தான் சொல்லுறன். பொன்னாடைக் காசில ஒரு பகுதியை எடுத்து, பக்கத்தில இருக்கிற பள்ளிக்கூடம் ஒண்டில காலமைச் சாப்பாடு இல்லாம வாற பிள்ளையளுக்கு ஒரு கிழமை கஞ்சி குடுத்தா நான் என்ர பென்சனில ஒரு பங்கு தாறன், அதை மேடையில சொல்லவேண்டாம்.

புது நோட்ஸ் எழுதினா அச்சுக்குக் குடுக்க முதல் எனக்கு அனுப்புங்கோ, காசு வேண்டாம், புரூஃப் பாத்துத் தாறன். போன முறை நோட்ஸில பதினொரு பிழை இருந்தது, "நாவலர்" எண்ட சொல்லிலயே ஒண்டு. சிவப்புப் பேனையால சுழிச்சு வைச்சிருக்கிறன், விருப்பமெண்டா அதையும் அனுப்புறன்.

அந்த அஞ்சாம் வகுப்புப் பிள்ளை இந்த முறை ஆறாம் வகுப்பு. மத்தியபிரிவில திருப்பியும் பேச வருவா எண்டு நினைக்கிறன். என்னைத் திருப்பி நடுவராக் கூப்பிடாட்டியும் பரவாயில்லை, அவ வாற நாளை மட்டும் ஒரு ஆள் எனக்குச் சொல்லுங்கோ, வெளியில நிண்டெண்டாலும் சொல்லிப்போட்டுப் போறன்.

இப்படிக்கு,
ஒரு ஓய்வுபெற்ற ஒப்புநோக்குநர்,
வண்ணார்பண்ணை